தாமாகவே மாறிய அமைப்புகள்

எங்கள் அலுவலகத்தில் அவரைக் கொடியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஃபிளாக் என்றால் கொடி; ஃபிளாக் பதிவேடு அவர் பொறுப்பு; அதனால் கொடியக்கா. அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் நடுவில் சின்னதாக ஒரு இடைவெளி விட்டு, கொடிய அக்கா என்பார்கள். அது அவர் காதுக்கும் போயிருந்தது. எப்படிக் கூப்பிட்டாலும் படிவத்தை முழுசாக நிரப்பிக் கொண்டுவந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் கைப்பேசி செய்கிற கம்பெனி. போனில் செட்டிங்ஸ் என்று ஒரு பக்கம் இருக்கிறதே, எழுத்தைப் பெரிதாக்குவது, மணியைக் குறைப்பது எல்லாம், அதைப் பார்த்துக்கொள்கிற பிரிவில் நான் புரோகிராம் எழுதுபவன். அக்காவுக்கு அடுத்த நாற்காலி. ஆறு வருஷம் அப்படி உட்கார்ந்திருந்தோம். நான் கீபோர்டை ஓங்கித் தட்டினால், "தம்பி, அது உன் மாமியார் வீட்டுக் கதவு இல்லை" என்பார்.

அக்கா இந்த வேலைக்குப் படித்து வந்தவர் இல்லை. தரைத்தளத்தில் வாடிக்கையாளர் சேவையில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பதினோரு வருஷம் பேசியவர். ஒரு கோளாறைப் பற்றி யாராவது குறைசொன்னால், எந்த மாடல், எந்த அப்டேட்டுக்குப் பிறகு, எந்த பட்டனைத் தொட்டதும் என்று கேட்டு, ஒரு நோட்டில் எழுதி, மேல்தளத்துக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார். ஒரு நாள் மேலேயிருந்தவர்கள், இந்த அம்மாவை இங்கேயே உட்கார வைத்துவிடலாம் என்று கூட்டி வந்துவிட்டார்கள். முதலில் பரிசோதகர். பிறகு ஃபிளாக் பதிவேடு.

ஃபிளாக் என்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. புதிதாக ஒரு வசதி செய்தால் அதை எல்லா போன்களுக்கும் முதலிலேயே அனுப்பிவிடுவோம், ஆனால் மூடி வைத்திருப்போம். அலுவலகத்தில் இருந்துகொண்டே நூறில் ஒரு போனுக்கு மட்டும் திறந்து பார்க்கலாம். சரியாக இருந்தால் பத்து, பிறகு ஐம்பது, பிறகு எல்லோருக்கும். கோளாறு என்றால் அணைத்துவிடலாம். ஒவ்வொரு வசதிக்கும் இப்படி ஒரு சுவிட்சு. எங்களிடம் நானூற்றுச் சொச்சம் இருந்தன. யார் போட்டது, எதற்குப் போட்டது, எப்போது எடுக்க வேண்டும் என்று மூன்று கட்டங்கள்தான் பதிவேட்டில் முதலில் இருந்தன. அக்கா வந்து நான்காவதாக ஒன்று சேர்த்தார். போட்ட பிறகு அணைத்தால் பழையபடி வருமா, வராதா. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் யாரும் அவரிடமிருந்து தப்ப முடியாது.

இந்தப் பழக்கம் அவர் வீட்டிலும் உண்டு. அவர்கள் குடிவந்த புதிதில் கூடத்தில் ஒன்பது சுவிட்சு உள்ள ஒரு பலகை. எட்டுக்கு வேலை தெரிந்தது, ஒன்பதாவதைப் போட்டாலும் அணைத்தாலும் எதுவும் நடக்கவில்லை. அவர் கணவர் பஸ் ஓட்டுகிறவர். இது செத்த சுவிட்சு என்று அதன் மேல் சட்டை மாட்ட ஒரு ஆணி அடிக்கப் போனார். அக்கா விடவில்லை. வீடு வீடாகக் கேட்டுக் கடைசியில் கண்டுபிடித்தார்: மேல்வீட்டுக்காரர்களின் தண்ணீர் மோட்டார் அதில்தான் ஓடியிருக்கிறது. அவர்கள் இரண்டு மாதமாகத் தண்ணீர் வராமல் எலெக்ட்ரீஷியனை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லா சுவிட்சுக்கும் கீழே சீட்டு ஒட்டியிருக்கும். "என் வீட்ல ஃபேன் போடணும்னாலும் விண்ணப்பம் எழுதணும்" என்று அவர் கணவர் எங்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

போன வருஷம் எங்கள் பிரிவுக்குப் புதிதாக ஒரு தலைவர் வந்தார். அக்காவை விடப் பத்து வயது சின்னவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார், பிறந்தநாளுக்குக் கேக் வாங்குவார். ஆனால் நீளமாக எதைப் பார்த்தாலும் அவருக்கு எரிச்சல் வரும். பதிவேட்டைத் திறந்து பார்த்துவிட்டு, இது என்ன நாவலா என்று கேட்டார். இனிமேல் எந்தக் குறிப்பும் ஒரு வரிக்கு மேல் இருக்கக் கூடாது, நாற்பது எழுத்துக்கு மேல் படிவம் ஏற்காது என்று உத்தரவு. பழைய குறிப்புகளையும் சுருக்க வேண்டும்.

அக்கா மூன்று வாரம் உட்கார்ந்து நானூறு குறிப்புகளையும் சுருக்கினார். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. அந்தப் படிவம் தமிழை நாம் எண்ணுகிற மாதிரி எண்ணவில்லை. புள்ளிக்கு ஒன்று, கொம்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கணக்கு வைத்தது. நாற்பது என்பது உண்மையில் இருபத்தைந்து எழுத்துகூட இல்லை. மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டது. வெட்டப்பட்ட சில குறிப்புகள் சொல்ல வந்ததற்கு நேர் எதிராகப் பொருள் தந்தன. அப்படிப்பட்ட பதினேழைப் பொறுக்கி, ஒவ்வொன்றும் முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதி, படிவத்தின் அளவைக் கூட்டும்படி தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அதைப் பார்த்து, ஒப்புக்கொண்டார் என்று அக்கா நினைத்தார். நானும்தான் நினைத்தேன். அளவு கூடியதும் பதினேழையும் முழுசாகத் திரும்ப எழுதலாம் என்று அவர் காத்திருந்தார். அளவு கூடவேயில்லை.

அந்தப் பதினேழில் ஒன்று என்னுடையது. செட்டிங்ஸ் பக்கத்தைப் புதிதாக எழுதியவன் நான். புதுப் பக்கம் ஒரு போனில் முதல்முறை திறக்கும்போது, அந்த ஆள் இதுவரை என்னென்ன மாற்றி வைத்திருந்தாரோ அந்தப் பழைய பட்டியலை ஓரமாக ஒதுக்கிவிட்டு, புதுப் பட்டியல் ஒன்று எழுதும். பழையதில் இருப்பதைப் புதியதில் ஏற்றுவதற்குத் தனியாக ஒரு நகல் ஃபிளாக். அது முதலில் இரண்டு வாரம் ஓடியிருக்க வேண்டும். ஓடாவிட்டால் புதுப் பட்டியல் வெறுமையாகப் பிறக்கும். பிறகு புதுப் பக்கத்தை அணைத்தாலும் தோற்றம்தான் பழையபடி வரும், பட்டியல் வராது. இதைத்தான் அக்கா ஒரு பத்தி எழுதி வைத்திருந்தார். சுருக்கியபோது, 'இதைப் போடலாம், நகல் ஃபிளாக் இரண்டு வாரம் ஓடிய பிறகு மட்டும்' என்று எழுதினார். படிவம் வெட்டியது போக நின்றது இவ்வளவு: 'இதைப் போடலாம், நகல் ஃபிளாக் இரண்டு வாரம்.'

அந்த வெள்ளிக்கிழமை அக்கா லீவ். கடைவாய்ப் பல் பிடுங்கப் போயிருந்தார். மதியச் சாப்பாடு முடிந்து வந்தபோது தலைவர் என் மேசையருகே நின்றிருந்தார். சாயங்காலம் கடைக்காரர்களுக்குப் புது மாடலைக் காட்டும் கூட்டம். அதில், ஏற்கெனவே பத்து சதவீதம் பேர் புதுப் பக்கத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்ல அவருக்கு ஆசை. பதிவேட்டைத் திறந்து என் முன்னால் நீட்டினார். "போடலாம்னுதானே எழுதியிருக்கு?" என்றார்.

அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று சொன்னேன்.

"பல் பிடுங்கினவங்ககிட்ட என்னத்தக் கேக்கறது? போடுவோம். பிரச்சினைன்னா ஆஃப் பண்ணிக்கலாம். அதுக்குத்தானே ஃபிளாக்கே இருக்கு."

எனக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும், அதை எழுதியவனே நான்தான். ஆனால் அவர் அவசரத்தில் நின்றார், நான் சாப்பிட்ட மயக்கத்தில் இருந்தேன், நகல் ஃபிளாக்கை யாராவது முன்னமே போட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போய்ப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பார்க்கவில்லை. சரி சார் என்று சொன்னேன். அவர் போட்டார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குள் புகார்கள் வர ஆரம்பித்தன. எழுத்து திடீரென்று சின்னதாகிவிட்டது என்றார்கள். போன் திரையைப் படித்துச் சொல்லும் குரல் நின்றுவிட்டது என்று பார்வையில்லாதவர்களின் வீட்டார் கூப்பிட்டார்கள். தலைவர் உடனே ஃபிளாக்கை அணைத்தார். அணைத்துவிட்டு, சரியாகிவிட்டது என்று எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பிவிட்டுக் கூட்டத்துக்குப் போனார். சரியாகவில்லை. மூன்று லட்சம் போன்களில் பட்டியல் புதிதாக எழுதப்பட்டிருந்தது. பெரும்பாலானவர்கள் எதையுமே மாற்றி வைத்திருக்காதவர்கள், அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. காதுக்காகவோ கண்ணுக்காகவோ கை நடுக்கத்துக்காகவோ போனைத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றி வைத்திருந்தவர்கள் நாற்பத்தோராயிரம் பேர். அந்த நாற்பத்தோராயிரம் பேருக்கும் எல்லாம் போயிற்று.

திங்கள்கிழமை காலை அக்கா ஒரு பக்கம் வீங்கிய கன்னத்தோடு வந்தார். பையை வைத்ததும் நேரே தரைத்தளத்துக்குப் போய்ப் புகார்களை அச்செடுத்துக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் படித்தார். ஒன்றை என் பக்கம் தள்ளினார். இரண்டு காதும் கேட்காத ஒரு தையல்காரர் எழுதியது. அவருக்கு அழைப்பு வந்தால் போனின் பின்விளக்கு மின்ன வேண்டும். மகளோடு வீடியோவில் கைஜாடையில் பேசுவார். போன வாரம் இருவருக்கும் ஏதோ மனஸ்தாபம். வெள்ளிக்கிழமையிலிருந்து விளக்கு மின்னவில்லை. கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று அவரும் விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தற்செயலாகப் பார்த்தால், மகள் பதினாலு தடவை கூப்பிட்டிருக்கிறாள். 'அவளும் நான் வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று நினைத்திருக்கிறாள். உங்கள் போனை நம்பியதற்கு எனக்கு இதுவா' என்று முடித்திருந்தார்.

நான் படித்து முடிக்கும் வரை அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யார் போட்டது என்று கேட்டார். சொன்னேன். நான் சரி என்று சொன்னதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அடுத்த புகாரை எடுத்தார்.

மதியம் மீட்டிங். தலைவர் இரண்டு தாள் கொண்டுவந்திருந்தார். ஒன்று வாடிக்கையாளர்களுக்கு அனுப்பப்போகும் அறிவிப்பு. 'சில போன்களில் சில அமைப்புகள் தாமாகவே மாறியிருக்கலாம். சிரமத்துக்கு வருந்துகிறோம். செட்டிங்ஸ் பக்கத்துக்குச் சென்று மீண்டும் அமைத்துக்கொள்ளவும்.' இன்னொன்று மேலிடத்துக்கான அறிக்கை. அதில், பதிவேட்டுக் குறிப்பில் போதிய எச்சரிக்கை இல்லாததால் இது நிகழ்ந்தது என்று இருந்தது. கீழே மூன்று கையெழுத்துக்கு இடம்: தலைவர், புரோகிராம் எழுதியவர், பதிவேட்டுப் பொறுப்பாளர்.

அக்கா இரண்டையும் படித்தார். வீங்கிய வாயால் பேச்சு குழறியது. அதனாலேயே ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"தாமாகவேன்னா என்ன சார்? ராத்திரி எழுந்து அதுவா மாறிக்கிச்சா?"

அது வழக்கமாக எழுதுகிற வாசகம்தான் என்றார் தலைவர்.

"நாம மாத்தினோம். நாம மாத்தினோம்னு எழுதுங்க. கண்ணு தெரியாதவங்க போன்ல குரலை நிறுத்திட்டு, நீயே போய்ப் பார்த்து சரி பண்ணிக்கோன்னு எழுதியிருக்கீங்க. எதை வெச்சுப் பார்ப்பாங்க?"

அக்கா தன் பழைய மின்னஞ்சலையும் கட்டைவிரல் படத்தையும் அச்செடுத்து வைத்திருந்தார். அதை மேசை நடுவில் வைத்தார். தலைவர் அதைப் பார்த்தார். தனக்கு ஒரு நாளைக்கு இருநூறு மின்னஞ்சல் வருகிறது, கட்டைவிரல் என்றால் பார்த்தேன் என்றுதான் பொருள், சரி என்று பொருள் இல்லை என்றார். எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை. பார்த்தும் சும்மா விட்டேன் என்று ஒரு மனுஷன் வாயாலேயே சொல்கிறார், எதிரே ஏழு பேர் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அக்கா அறிக்கையைக் கையெழுத்துப் போடாமல் திருப்பித் தள்ளினார். தாள் என் முன்னால் வந்தது. நான் போட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது, அவள் சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் உட்காராமல் உள்ளே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி: ஒதுக்கி வைத்த பழைய பட்டியல் போனில் இன்னும் இருக்கிறதா?

இருந்தது. அடுத்த அப்டேட் வரைக்கும் ஒரு மூலையில் கிடக்கும். அப்டேட் போகும்போது வேண்டாததைக் கூட்டித் தள்ளும், அதோடு இதுவும் போய்விடும். அடுத்த அப்டேட் புதன்கிழமை காலை.

"அதை எடுத்து மறுபடி ஏத்த முடியுமா, தம்பி?"

முடியும், இரண்டு நாள் வேண்டும் என்றேன். தலைவரிடம் போனார். புதன்கிழமை அப்டேட்டில்தான் புது மாடலுக்கான கேமரா வேலை எல்லாம் இருக்கிறது, கடைக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, நாற்பதாயிரம் பேருக்காக அத்தனை லட்சம் பேரைக் காக்க வைக்க முடியாது என்றார். அந்த மூன்று லட்சம் போன்களுக்கு மட்டும் நிறுத்தினால் போதும் என்றார் அக்கா. பார்க்கலாம் என்றார் தலைவர். எங்கள் அலுவலகத்தில் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று பொருள்.

அப்டேட்டை நிறுத்தி வைக்க இரண்டு பேருக்குத்தான் அனுமதி உண்டு. தலைவருக்கும் பதிவேட்டுப் பொறுப்பாளருக்கும். அக்கா தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், அந்த மூன்று லட்சம் போன்களைத் தேர்ந்தெடுத்து நிறுத்தினார். காரணம் எழுதக் கட்டம் வந்தது. அதற்கும் அதே நாற்பது. 'நிறுத்தியது நான். காரணம் நேரில் கேட்கவும்' என்று தட்டினார். கடைசி எழுத்தின் தலையில் வரும் புள்ளியைப் படிவம் ஏற்கவில்லை. அப்படியே விட்டுவிட்டு, தலைவரின் அறைக் கதவைத் தட்டி, நிறுத்திவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் முழுதாகப் பார்க்கவில்லை. நான் தலைநிமிராமல் எழுதிக்கொண்டிருந்தேன். அக்காவைப் பணியாளர் பிரிவுக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தார். மறுபடி கூப்பிட்டார்கள். அதிகாரத்தை மீறியதாக எழுதித் தரச் சொன்னார்களாம். எனக்குக் கொடுத்த அதிகாரத்தைத்தான் பயன்படுத்தினேன், மீறவில்லை என்று எழுதித் தந்தாராம். அன்று மாலை அவர் கணவர் வாசலில் ஸ்கூட்டரோடு நின்றார். வழக்கமாக ஏதாவது கிண்டல் பண்ணுகிறவர். அன்று என்னைப் பார்த்து, "என்ன தம்பி, எழுதி முடிச்சாச்சா?" என்று மட்டும் கேட்டார். பாதி என்றேன். "முடிச்சுடுங்க" என்றார்.

வியாழக்கிழமை மதியம் முடித்தேன். அக்கா இருபது போன்களில் போட்டுப் பார்த்தார், ஒன்றில் தவறியது, திருத்தினேன். வெள்ளிக்கிழமை பழைய பட்டியல்கள் ஏறின. முப்பத்தாறாயிரம் பேருக்கு எல்லாம் முன்பு இருந்தபடி திரும்பியது. மிச்சம் ஐயாயிரம் பேருக்கு வரவில்லை. சிலர் பொறுமையிழந்து போனையே முழுதாக அழித்துப் புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். சிலர் வேறு போன் வாங்கிவிட்டிருந்தார்கள். தையல்காரருக்குத் திரும்பியது. அவர் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, எழுத வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

மாதக் கூட்டத்தில் தலைவர் இதைப் பற்றிப் பேசினார். விரைந்து செயல்பட்ட குழுவுக்குக் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். அறிவிப்பு 'தாமாகவே' என்ற சொல்லோடுதான் போயிருந்தது. அறிக்கையும் அப்படியேதான் போயிற்று. அக்காவின் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 'விடுப்பில்' என்று யாரோ தட்டியிருந்தார்கள். அவர் லீவில் இருந்தது ஃபிளாக்கைப் போட்ட அன்றைக்கு. கையெழுத்து கேட்ட அன்றைக்கு வாய் வீங்கி எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம், வேலைச்சுமையைக் குறைப்பதற்காக என்று சொல்லி அவரிடமிருந்து பதிவேட்டை வாங்கிக்கொண்டார்கள். இனிமேல் அவரவர் ஃபிளாக்கை அவரவரே பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. அக்காவுக்கு வேறொரு பிரிவில் ஏதோ ஒரு மேசை காட்டினார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லி, தரைத்தளத்துக்கே எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். தலைவருக்கு இப்போது இன்னொரு தளமும் சேர்ந்திருக்கிறது.

கீழே போன முதல் மாதத்தில் அக்கா அந்த ஐயாயிரம் பேரின் பட்டியலை வைத்துக்கொண்டு, அழைப்பு இல்லாத நேரங்களில் ஒவ்வொருவராகத் தொடர்பு கொள்ள ஆரம்பித்தார். காது கேட்காதவர்களுக்கு எழுத்தில், கண் தெரியாதவர்களுக்குக் குரலில். நாங்கள்தான் மாற்றினோம் என்று முதலில் சொல்லிவிட்டு, எப்படித் திரும்ப அமைப்பது என்று கூடவே இருந்து செய்துகொடுத்தார். சிலர் வாய்க்கு வந்தபடி திட்டினார்களாம். திட்டி முடிக்கும் வரை கேட்டாராம். மேற்பார்வையாளர் தடுக்கவில்லை. புகார் எண்ணிக்கை குறைந்தால் அவருக்கும் நல்லதுதானே.

அறிக்கையைத் திருத்தக் கேட்டு அக்கா மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதியிருக்கிறார். இரண்டு திருத்தம்தான். குறிப்பை வெட்டியது எது என்று எழுத வேண்டும். கையெழுத்து இடத்தில் 'விடுப்பில்' என்பதை எடுத்துவிட்டு 'மறுத்தார்' என்று போட வேண்டும். பதில் இல்லை.

போன வாரம் டீ இடைவேளையில் கீழே போனேன். நாலாவது கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தார். அதில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா என்றேன். ஆறு மாதமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தை அது. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"என்னுதுல எதுக்கு வந்து ஒண்டிக்கிறே? நீ தனியா எழுது. ரெண்டா இருந்தா ரெண்டுக்கும் பதில் சொல்லணும்ல."

மேலே வந்து அன்றைக்கே எழுதினேன். நகல் ஃபிளாக் ஓடாதது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், சரி என்று சொன்னது நான், பொய் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டதும் நான் என்று எழுதி, மூன்று பக்கம், தலைவரின் மேசையிலேயே கொண்டுபோய் வைத்தேன். எனக்கும் இன்னும் பதில் வரவில்லை.